மலைக் குளக்கரையில் கூடாரம்: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வது. அந்த அளவுகோலோடு மலைநாட்டுக்குக் கூடாரம் கட்டப் போகிறவர்கள்தான் நடுச்சாமத்தில் நனைந்த பெட்ஷீட்டுக்குள் நடுங்கிக்கொண்டு இருந்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். சிறுத்தை வருமா, பாம்பு வருமா என்று புறப்படுமுன் எல்லோரும் கேட்கிறார்கள். ஈரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மலையில் ஆளை விழுத்துவது ஈரமும் குளிரும் சேர்ந்து வரும் அந்த இரவுதான். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும்.

ஆள் வைத்துக் கூடாரம் கட்டித் தந்து, இரவுச் சாப்பாடும் போட்டுத் தரும் இடங்களுக்கு இது தேவையில்லை. கரண்ட் இல்லை, கடை இல்லை, போன் சிக்னல் வந்து வந்து போகும், ஒரு புல் மேடும் பக்கத்தில் ஒரு பீலித் தண்ணீரும் (மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழுவது) மட்டும் உண்டு என்ற மாதிரியான கரைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கே, எந்த மாதம்

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் நாம் 'குளம்' என்று போய்ப் பார்க்கும் பெரிய நீர்ப்பரப்புகள் எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. களனி கங்கையின் கிளைகளான கெஹெல்கமு ஓயாவை மறித்தது காசல்ரீ, மஸ்கெலி ஓயாவை மறித்தது மவுஸ்ஸாக்கலை. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. ஆகவே அவற்றின் நீர்மட்டம் வானத்தை மட்டும் பார்த்து ஏறி இறங்குவதில்லை, மின்நிலையத்தின் தேவையையும் பார்க்கிறது. கூடாரம் எங்கே கட்டுவது என்ற கேள்வி வரும்போது இது முக்கியமாகும்.

முதல் பயணத்துக்கு மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தைத்தான் சொல்வேன். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே என்பதால் குளிர் தாங்கக்கூடியது. சுற்றிலும் தமிழ் பேசும் தோட்டத்து மக்கள் இருக்கிறார்கள், வழி கேட்பதும் உதவி கேட்பதும் சுலபம். அடுத்த படி நுவரெலியாவைச் சுற்றிய உயரங்கள். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேல், அதைப் பிறகு பார்க்கலாம். தை, மாசி இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படியும்.

உயரத்துக்கும் குளிருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். யாழ்ப்பாணத்தில் தை மாத இரவு 22 பாகை என்றால் மஸ்கெலியாவில் 14, 15; ஹோர்ட்டனில் பத்துக்கும் கீழே. வானம் தெளிந்த இரவில் இன்னும் இறங்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, மேற்குச் சரிவில் உள்ள மஸ்கெலியா, ஹட்டன் பகுதிக்கு தென்மேல் பருவமழைதான் பெரிய மழை. மே முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் கூடாரத்தோடு போகவேண்டாம். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்கு இது தலைகீழ். அங்கே நமக்கு மழை பெய்யும் மாதங்களில்தான் கொட்டும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடிமழை எங்கும் உண்டு. இன்னொன்று: மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். மலையடிவார ஊரான நல்லதண்ணிக்குப் போகும் பாதை போயா விடுமுறைகளில் நிரம்பி வழியும். பஸ் வசதி கூடுதலாக இருக்கும் என்பது அதன் நல்ல பக்கம். போயா இல்லாத வார நாட்களைப் பாருங்கள்.

கேட்டுவிட்டுப் போங்கள்

குளக்கரை யாருக்கும் சொந்தமில்லாத காடு மாதிரித் தெரியும். உண்மையில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். தேயிலை என்றால் தோட்ட நிர்வாகம், நீர்த்தேக்கத்தின் ஓரம் என்றால் அதை நடத்தும் மின்சார நிறுவனம், ஹோர்ட்டன் சமவெளி என்றால் வனஜீவராசிகள் திணைக்களம், நக்கிள்ஸ் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். திணைக்களங்களின் முகாமிடங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். தோட்டத்துக் கரை என்றால் தோட்ட அலுவலகத்தில் பகல் நேரத்தில் போய் நேரே கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை இரவு, நெருப்பு மூட்டலாமா. அணைக்கட்டும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் பாதுகாக்கப்பட்ட இடங்கள், அங்கே கமராவோடு அலையவேண்டாம்.

அனுமதி வாங்கிய பிறகு பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வார்த்தை சொல்லிவிடுவது இன்னும் பெரிய பாதுகாப்பு. "தம்பி, அந்த மேட்டுப் பக்கம் வேணாம், ராவைக்கு பன்னி எறங்கும்" என்று ஒரு ஐயா சொல்லிவிட்டால், அந்தத் தகவல் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. அவர்களின் குடிமனையும் வேலைத்தளமும்தான் நமக்குக் காட்சியாகத் தெரிகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பதும், விடிய எழும்ப வேண்டியவர்களின் வீட்டுக்கு எதிரே இரவு பன்னிரண்டு மணி வரை பாட்டுப் போடுவதும் செய்யக்கூடாதவை.

கூடாரம் வாங்கும்போது

கசூரினா கடற்கரையில் நிழலுக்குக் கட்டும் ஒற்றைத் துணிக் கூடாரம் மலைக்கு உதவாது. உள்ளே ஒரு வலைத்துணி அறை, அதற்கு மேல் தொடாமல் நிற்கும் வெளித்துணி என்று இரண்டு அடுக்கு வேண்டும். வெளித்துணி நிலத்தை எட்டுமளவுக்கு இறங்கவேண்டும். பாதியில் நிற்பதென்றால் சாய்மழை உள்ளே வரும். நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். வெளித்துணிக்கு 2,000க்குக் குறையாமலும் தரைத்துணிக்கு 3,000க்குக் குறையாமலும் பாருங்கள். 'மூன்று பேர்' என்று எழுதியிருந்தால் இரண்டு பேரும் இரண்டு பையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் சேற்று நிலத்தில் பிடிக்காது. ஹாட்வெயாரில் ஆறு அங்குல ஆணி பத்துப் பதினைந்து வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் நைலோன் கயிறு, துணிப் பிளாஸ்டர், ஒரு நல்ல தறப்பாள், இவை மூன்றும் கட்டாயம். தறப்பாள் கூடாரத்துக்கு அல்ல, சமையலுக்கும் சப்பாத்துக் கழற்றுவதற்கும் ஒரு கூரையாக. மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுவதும் கூடாரத்துக்குள் குந்தியிருக்க முடியாது. அந்தத் தறப்பாளின் கீழேதான் குடும்பம் நடக்கும்.

படுக்கையும் உடுப்பும்

குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து இரண்டு மூன்று போர்வை கொண்டுபோகிறோம். உடம்பின் சூட்டைக் கூடுதலாக உறிஞ்சுவது கீழே உள்ள ஈர நிலம். ஆகவே போர்வையைக் குறைத்தாலும் அடியில் போடும் நுரைப்பாயைக் குறைக்காதீர்கள். வெறும் காற்று மெத்தை சொகுசாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று விடிய முதல் குளிர்ந்துவிடும். அதற்கு மேலேயும் ஒரு நுரைப்பாய் போடவேண்டும். வீட்டிலிருக்கும் பனையோலைப் பாயைக் கொண்டுபோங்கள். படுக்க அல்ல, கூடார வாசலில் விரிக்க. ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காய்ந்த காலோடு உள்ளே போக அதைவிட நல்ல விரிப்பு இல்லை.

தூங்கும் பையில் இரண்டு வெப்ப எண்கள் போட்டிருப்பார்கள். ஒன்று வசதியாகத் தூங்கக்கூடிய அளவு, மற்றது தாங்கக்கூடிய எல்லை. முதல் எண்ணை மட்டும் பாருங்கள். மஸ்கெலியா உயரத்துக்கு 8, 10 பாகைப் பை போதும். ஹோர்ட்டனுக்குச் சுழியத்தை ஒட்டியது வேண்டும்.

உடுப்பில் ஒரே ஒரு விதி: பருத்தியை நம்பாதீர்கள். நமது வெயிலுக்குப் பருத்தி ரீசேட்டும் சாரமும் சுகம். மலையில் அவை வியர்வையையும் தூறலையும் குடித்துவிட்டு நாள்முழுக்கக் காயாமல் உடம்போடு ஒட்டி இருக்கும். விளையாட்டுக்குப் போடும் பொலியெஸ்ரர் சேட், கம்பளிச் சுவெட்டர், காற்றுப் புகாத ரெயின்கோட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். சூடானால் ஒன்றைக் கழற்றலாம்.

அப்புறம், இதுதான் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பொருள்: இரவு உடுப்பு. ஒரு முழுக்கைச் சேட், ஒரு நீளக் காற்சட்டை, தடித்த சொக்ஸ், தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி. இவற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு முடிந்து, அதை இன்னொரு பைக்குள் போட்டு முடிந்து, பயணப் பையின் நடுவில் வையுங்கள். கூடாரத்துக்குள் படுக்கப் போகும்போது மட்டும்தான் அந்த முடிச்சை அவிழ்க்கவேண்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும், மற்ற உடுப்பெல்லாம் பிழிந்தால் தண்ணீர் ஒழுகினாலும், "சரி, இதைக் கொஞ்ச நேரம் போடுவம்" என்று அதை எடுக்கக்கூடாது. காலையில் திரும்ப ஈர உடுப்பைப் போடுவது கஷ்டம்தான், பத்து நிமிடம் நடந்தால் உடம்பு சூடாகிவிடும். இரவில் போட ஒரு காய்ந்த துணி இல்லை என்றால் அதற்கு மாற்று வழி கிடையாது.

வளவில் ஒரு இரவு

புறப்படுமுன் சொந்த வளவில் ஒரு இரவு தூங்கிப் பாருங்கள். அதுவும் கார்த்திகை மழையில். பலரும் இதைத் தவிர்க்கிறார்கள், சனம் சிரிக்கும் என்று. மலையில் படவேண்டிய பாட்டில் முக்கால்வாசி இங்கேயே தெரிந்துவிடும் என்பதால் நான் இதை வற்புறுத்துவேன்.

பின்னேரம் ஒருமுறை வெளிச்சத்தில் கட்டுங்கள். கழற்றிவிட்டு, இருட்டியபின் தலையில் ரோச் லைற்றோடு திரும்பக் கட்டுங்கள். எந்தக் கம்பி எந்தத் துளை என்று கைக்குத் தெரியவேண்டும். நமது செம்மண் பல இடங்களில் ஓரடி தோண்டுமுன் சுண்ணாம்புக் கல்லில் முட்டும், முளை இறங்காது. அப்படியென்றால் கயிற்றை வேலிக் கதியாலில் கட்டுங்கள், அல்லது கல்லைச் சுற்றிக் கட்டுங்கள். முளை பிடிக்காத நிலத்தில் என்ன செய்வது என்ற பாடமும் அதோடு முடிந்துவிடும். மழை இல்லையென்றால் ஹோஸால் கால் மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். பிறகு உள்ளே போய் விரலால் தையல் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் சிப்பின் இரண்டு முனைகளிலும்தான் முதலில் ஈரம் பிடிக்கும். அந்த இடங்களைக் காயவிட்டு, தையலுக்குப் பூசும் பசையைப் பூசி, அடுத்த நாளும் தண்ணீர் அடித்துப் பார்க்கவேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். 1995 இடப்பெயர்விலும் அதற்குப் பிறகும் தறப்பாளின் கீழே மாரிகளைக் கழித்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. கூடாரம் என்ற பேச்சே பிடிக்காத அம்மாமார் இருக்கிறார்கள், அவர்களை வற்புறுத்தக்கூடாது. பேச விரும்புகிறவர்களிடம் கேளுங்கள். தறப்பாளை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கிக் கிழியும், கயிற்றின் வழியே ஓடிவரும் தண்ணீரை நிறுத்த நடுவில் ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிடவேண்டும் என்பதெல்லாம் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

போய்ச் சேருதல்

ஏ9 வீதி யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் 321 கிலோமீட்டர். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலை கண்டி. அங்கிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டன், ஹட்டனிலிருந்து நோர்வூட் கடந்து மஸ்கெலியா. ரயிலை விரும்புகிறவர்கள் கொழும்பு ரயிலில் போய்ப் பொல்கஹவெலையில் இறங்கி, பதுளைப் பாதை ரயிலில் ஹட்டனுக்குப் போகலாம். மழைக் காலத்தில் மண் சரிந்து அந்தப் பாதை மூடப்படுவதுண்டு, முதல் நாளே ஸ்டேசனில் விசாரித்துவிடுங்கள்.

அடுப்புக்கான காஸ் கானைக் கண்டியிலேயே வாங்கிவிடுங்கள். மரக்கறியும் பாணும் ஹட்டனில் வாங்கலாம். கரைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு முன் போய்ச் சேரும்படி பயணத்தை அமையுங்கள். அதற்குப் பிறகு மூடுபனி இறங்கும், பெரும்பாலும் ஒரு மழையும் வரும். ஆறரைக்கு இருட்டு. நேரம் பிந்திவிட்டால் அன்றிரவு ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு அடுத்த நாள் காலையில் போங்கள்.

இடம் பார்த்தல்

பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அரை மணி நேரம் சும்மா நடந்து பாருங்கள். முதலில் குளத்தைப் பார்க்கவேண்டும். வற்றிய காலத்தில் நீருக்கும் புல்லுக்கும் இடையில் செம்மண் வெறுமையாக, படிபடியாகத் தெரியும். அந்த வெறும் மண் முழுவதும் குளத்தின் வயிறு. தட்டையாக, கூடாரத்துக்கென்றே சமன் செய்தது போல இருக்கும், ஆனால் அங்கே கட்டக்கூடாது. மேலே எங்கோ மழை பெய்து இரவோடிரவாக மட்டம் ஏறலாம். பற்றைகளும் பழைய மரங்களும் தொடங்கும் கோடுதான் நிறைநீர்க் கோடு. அதற்கு மேலே போங்கள். மவுஸ்ஸாக்கலையில் நீர் இறங்கும் மாதங்களில், 1960களின் இறுதியில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். நின்று பாருங்கள், கும்பிடுங்கள். அடுப்பு மூட்டும் இடமாக அதை ஆக்கவேண்டாம்.

நீர்க்கரையை விட்டு அறுபது மீட்டராவது, அதாவது எண்பது காலடி எடுத்துவைத்துத் தள்ளிப் போவது இன்னொரு காரணத்துக்கும் நல்லது. இரவில் குளிர்காற்று பாரமாகிப் பள்ளத்துக்கு இறங்கும். கரையோரத்தில் தங்குகிறவர் அந்தக் குளிருக்குள்ளும் ஈரப்பனிக்குள்ளும் கிடப்பார். கொஞ்சம் மேலே சரிவில் ஒரு சின்ன மேடை கிடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

பிறகு நிலம். லேசான சரிவு நல்லது, தலை மேட்டுப்பக்கம் வரும்படி படுக்கலாம். குழிந்த இடம், புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் இடம் இரண்டும் மழைநீர் ஓடும் வழி. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. மலைச்சரிவில் அது மண்ணரிப்பைத் தொடக்கிவிடும், வெட்டாமல் இருக்க மேட்டைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கிளை, தேன்கூடு, தனியே நிற்கும் உயர்ந்த மரம் எதுவும் மேலே இருக்கக்கூடாது. யூக்கலிப்டஸ் காற்றில்லாத நேரத்திலும் கிளையை விடும். கடைசியாக, செங்குத்தாக வெட்டிய மண் சுவருக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம்.

கட்டுதல்

தரையில் போடும் விரிப்பு கூடாரத்தின் அடியைவிட ஒரு சாண் சிறியதாக இருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். இந்த ஒரு காரணத்தாலேயே நல்ல கூடாரங்கள் நனைகின்றன. வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்து, கயிறு அதோடு செங்கோணமாக நிற்கவேண்டும். எல்லாக் கயிற்றையும் கட்டுங்கள், காற்று இல்லையே என்று விடாதீர்கள். நைலோன் துணி ஈரத்தில் தளரும். படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வந்து இழுத்துக் கட்டவேண்டும். மழையில் கட்டவேண்டி வந்தால் முதலில் தறப்பாளைக் கட்டி, அதன் கீழே கூடாரத்தை விரியுங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

பீலித் தண்ணீர் கண்ணாடி போல இருந்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மேலே தேயிலை இருக்கிறது, அதற்கு அடிக்கும் மருந்து இருக்கிறது, அதைக் கொதிக்கவைத்தும் போக்க முடியாது. ஆகவே எந்தப் பீலியில் குடிக்கிறார்கள் என்று லயத்தில் கேட்டு அதில் மட்டும் எடுங்கள். குமிழி விட்டுக் கொதித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குளத்துத் தண்ணீரைக் குடிக்க எடுக்கவேண்டாம்.

உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். முந்நூறு மீட்டருக்கு ஒரு பாகை குறையும். மஸ்கெலியாவில் 96, ஹோர்ட்டனில் 93 அளவு. குத்தரிசி அங்கே லேசில் அவியாது, காஸ் முடிந்துவிடும். சம்பாவை அரை மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள். மைசூர்ப் பருப்பு பத்து நிமிடத்தில் கரையும். பருப்பு, ஒரு சொதி, வீட்டிலிருந்து கொண்டுபோன மாசிச் சம்பல், மோர்மிளகாய், இது ராத்திரிக்குப் போதும். முதல் நாள் மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தே கட்டுச்சோறு. இடையில் கடிக்கப் பயற்றம் பணியாரம், பொரிவிளாங்காய், எள்ளுருண்டை. எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த இந்தப் பண்டங்கள் கெடாது, குளிரில் உடம்புக்கு உடனே சூடு தரும். படுக்கப் போகுமுன் இரண்டு உருண்டையும் இஞ்சி தட்டிப் போட்ட மல்லித் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் நடுச்சாமத்தில் குளிரில் விழிப்பு வருவது குறையும்.

சிறிய அடுப்புகளுக்கு வரும் கானில் இருப்பது பியூட்டேன். சுழியத்தை நெருங்கும்போது அது வாயுவாக மாறாது, அதற்கு வெகு முன்பே சுடர் சோரும். விடியற்காலைக் கோப்பிக்குச் சுடர் வரவேண்டுமென்றால் கானை இரவு படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மழை, எவ்வளவு குளிர் என்றாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. நெருப்புப் பிடிப்பது ஒரு பக்கம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. கரிச்சட்டியும் அப்படித்தான்.

விறகு நெருப்பு அனுமதி இருந்தால் மட்டும், ஏற்கெனவே எரித்த இடத்தில். பச்சை மரம் வெட்டவேண்டாம். கீழே கிடக்கும் விறகும் லயத்து அடுப்புகளுக்கு வேண்டியது, காசு கொடுத்து ஒரு கட்டு வாங்குங்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்திருக்கும், ஒரு பொறி ஒரு மலையையே எரித்துவிடும். அந்த மாதங்களில் நெருப்பே வேண்டாம்.

இரவு

குளிர்கிறது என்று கூடாரத்தின் எல்லாச் சிப்பையும் இழுத்து மூடுவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம் போக வழியில்லாமல் வெளித்துணியின் உட்பக்கத்தில் படிந்து, விடிய நாலு மணிக்குத் துளித்துளியாக முகத்தில் விழும். "கூடாரம் ஒழுகுது" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். உண்மையில் அது அவர்கள் விட்ட மூச்சு. மேலே உள்ள காற்றுவழிகளைத் திறந்தே வையுங்கள். வாசல் சிப்பில் மேல் ஒரு சாண் திறந்திருக்கட்டும். தூங்கும் பை துணியைத் தொடாமல் நடுவில் இருக்கவேண்டும். ஈர உடுப்பை உள்ளே தொங்கவிட்டால் காயாது, படுக்கையைத்தான் நனைக்கும்.

கொதிநீரை இறுக மூடும் தடித்த போத்தலில் ஊற்றி, சொக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒண்ணுக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் உடனே எழும்பிப் போய்விட்டு வாருங்கள், அடக்கிக்கொண்டு கிடந்தால் குளிர் கூடும். போனையும் பற்றரியையும் உடம்போடு வையுங்கள், குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும்.

கூட வந்தவர் ஒருவர் விடாமல் நடுங்கி, பேச்சுக் குழறி, கால் தடுமாறினால் அது சாதாரணக் குளிரல்ல. ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, நுரைப்பாயில் கிடத்தி, போர்த்தி, இனிப்பான சூட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். கை காலைத் தேய்க்கவேண்டாம், சாராயம் கொடுக்கவே வேண்டாம். நடுக்கம் திடீரென்று நின்று ஆள் மயங்கினால் வாயில் எதுவும் கொடுக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவைத்திருக்கவேண்டும்.

அட்டை, குளவி, பன்றி

ஈரக் காலத்தில் அட்டை இருக்கும். காற்சட்டையைச் சொக்ஸுக்குள் சொருகி, சொக்ஸில் சவர்க்காரத்தை நனைத்துத் தேய்த்துவிடுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல், அதன் மெல்லிய முனைக்கு அடியில் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்படவேண்டாம்.

பயப்படவேண்டியது குளவிக்கு. தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் இடத்தில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் உயிர்போவதும் அடிக்கடி நடக்கிறது. கூடு கண்ணில் பட்டால் கல்லெறியாமல், புகை போடாமல், சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். கலைந்து வந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். குளத்துக்குள் குதிக்காதீர்கள்.

காட்டுப்பன்றியும் நாயும் வருவது சாப்பாட்டு மணத்துக்கு. கருவாடு, எச்சில் சட்டி எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. ஒரு பையில் கட்டி, தள்ளி ஒரு கிளையில் உயரத் தொங்கவிடுங்கள். சிறுத்தை மலையகத்தில் உண்டு. மனிதரைக் கண்டால் ஒதுங்கும். இரவில் தனியே நடக்காமல், வெளிச்சத்தோடு இருவராகப் போங்கள்.

குளத்தில் இறங்குவது

கீரிமலைக் கேணியிலும் கடலிலும் நீந்திப் பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று இறங்கிவிடுகிறார்கள். செம்மண் கரை சறுக்கும், இரண்டு அடி தள்ளி ஒரேயடியாக ஆழம், அடியில் மூழ்கிய மரக்கட்டைகளும் சேறும். உப்பில்லாத தண்ணீர் நம்மைக் கடல்போல மிதக்கவிடாது, குளிரில் தசை பிடித்துக்கொள்ளும். இறங்காதீர்கள். பீலியில் குளிக்கலாம்.

திரும்பிவிட வேண்டிய நேரம்

புறப்படுமுன்னும் அங்கே நிற்கும்போதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. மஞ்சள் விழுந்திருந்தாலே புறப்படவேண்டாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகம் முழுவதையும் கிழித்துவிட்டது. அங்கே வாழ்கிறவர்களுக்குப் போக வேறிடம் இல்லை. நாம் விருந்தாளிகள், போகாமல் இருக்க நமக்கு முடியும்.

பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சட்டென்று நின்றாலோ, நிலத்தில் புது வெடிப்புத் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்திருந்தாலோ கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சரிவிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போங்கள். லயத்தில் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் நிற்கிறது. கூடாரம் காக்காது. வாகனமோ கட்டடமோ இருந்தால் அங்கே போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும்.

கழிப்பும் குப்பையும்

மலசலகூடம் இல்லாத இடத்தில், நீரிலிருந்தும் பீலியிலிருந்தும் எண்பது காலடி எடுத்துவைத்துத் தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி வெட்டி, முடிந்ததும் மண்ணால் மூடுங்கள். சின்ன மண்வெட்டியும் ஒரு போத்தல் தண்ணீரும் அதற்கென்றே வைத்திருங்கள். பெண்களின் நாப்கினும் குழந்தைகளின் பம்பர்ஸும் குழிக்குள் போகக்கூடாது, கட்டித் திரும்பக் கொண்டுவரவேண்டும். சட்டியைச் சாம்பலும் தும்பும் போட்டுத் துடைத்து, கழுவிய தண்ணீரைக் கரைக்குத் தள்ளியே ஊற்றுங்கள். இந்தத் தண்ணீர்தான் களனியாக இறங்கி அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீராக எடுக்கப்படுகிறது. பொலித்தீன், மீன்ரின், பற்றரி எல்லாம் யாழ்ப்பாணம் வரை உங்கள் பையில் வரட்டும். தோட்டத்துக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வராதீர்கள், அங்கே அள்ள லொறி வருவதில்லை.

கழற்றுதலும் காயவைத்தலும்

காலையில் வெளித்துணி ஈரமாகத்தான் இருக்கும். வெயில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால் உதறி, உள்ளறையிலிருந்து பிரித்து, வேறு பொலித்தீன் பையில் போடுங்கள். முளைகளை எண்ணி எடுங்கள், புல்லில் விட்ட ஆணி நாளை கொழுந்து எடுக்கப் போகிறவரின் வெறுங்காலில் ஏறும். அமுங்கிய புல்லைக் கையால் நிமிர்த்திவிட்டு, தகவல் சொன்ன லயத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் கூடாரத்தை விரியுங்கள். நமது வெயில் ஒரு மணி நேரத்தில் காயவைத்துவிடும். ஆனால் கொளுத்தும் வெயிலில் நாள்முழுக்க விட்டால் நீர் தாங்கும் பூச்சு போய்விடும், மாமர நிழலில் காற்றுப்படக் கட்டுங்கள். சிப்பில் இருக்கும் செம்மண்ணைப் பழைய பல்தூரிகையால் தட்டி எடுங்கள். தரைத்துணியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அதுதான் கடைசியாகக் காயும். முழுவதும் காய்ந்தபின் இறுகச் சுருட்டாமல் ஒரு பழைய தலையணை உறைக்குள் தளரப் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த தைக்குள் துணி கையோடு வரும்.